நீலகிரியில் ஆலை மூடிய பிறகு: இடம் காட்டுக்குப் போனது, வேலை எங்கே போனது?

உதகையிலிருந்து கூடலூர் சாலையில் போனால் சற்று நேரத்தில் இந்து நகர் வரும். ‘இந்து’ என்பது இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் (எச்.பி.எஃப்.) நிறுவனம் தயாரித்த ஃபிலிமின் வணிகப் பெயர். நிலவைக் குறிக்கும் சொல். ஃபிலிம் போய்விட்டது, பேர் மட்டும் பேருந்துப் பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து ஆண்டில் 26,747 பேர் குறைவு. தமிழ்நாடு முழுவதும் தலைக்கணக்கு ஏறிய அதே காலத்தில் இங்கே மட்டும் மூன்றரை சதவீதம் இறங்கியது. பிறப்பு விகிதம் குறைந்ததும் இதில் உண்டு. ஆனால் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் கேட்டால் முதலில் வரும் பதில் ‘பசங்க கீழே போயிட்டாங்க’ என்பதுதான். கீழே என்றால் மேட்டுப்பாளையம், கோவை, திருப்பூர்.

ஆலை மூடல் என்றதும் ‘வேறொரு ஆலை கொண்டுவாருங்கள்’ என்ற கோரிக்கை எழுவது இயல்பு. சமவெளியில் அது ஓரளவு நடக்கும். ஒரு நூற்பாலை நின்றால் அதே கட்டடத்தில் கிடங்கு வரும், அதே சாலையில் வேறொரு பட்டறை வரும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே பெரிய ஆலைகளும் தோட்டங்களும் நின்ற மண்ணில் பெரும்பங்கு வனத்துறைக்குரியது. தொழில் நின்றால் மண் காட்டுக்குத் திரும்புகிறது. ஆகவே இடத்தை நம்பித் தீட்டும் மாற்றுத் திட்டங்கள் தொடர்ந்து சறுக்குகின்றன. வேலை இழந்த ஆளை நம்பித் தீட்ட வேண்டிய திட்டங்களோ காலம் கடந்தே வருகின்றன.

எச்.பி.எஃப். ஏன் இங்கே வந்தது, ஏன் விழுந்தது

1960-ல் மத்திய அரசு நிறுவனமாகப் பதிவாகி, பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு-வெள்ளை சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், புரோமைடு தாள், அச்சகங்களுக்கான ஃபிலிம் ஆகியவை அதன் பொருள்கள்.

உதகையைத் தேர்ந்தெடுத்ததில் தொழில்நுட்பக் காரணம் உண்டு. வெள்ளி நைட்ரேட்டையும் ஹாலைடு உப்புகளையும் ஜெலட்டின் கரைசலில் சேர்த்தால் ஒளிபட்டால் மாறும் பால்மம் கிடைக்கும். அதை அகலமான அடிப்படலத்தின் மேல் மெல்லிசாகப் பூசி, குளிர்காற்றில் இறுக்கி, உலர்த்தி, சுருட்டி, அளவுக்கு வெட்டிப் பொதிய வேண்டும். பூச்சிலிருந்து பொதி வரை எல்லாம் இருட்டறை வேலை. ஒரு தூசி விழுந்தால் படத்தில் ஒரு புள்ளி. எக்ஸ்ரேயில் அந்தப் புள்ளியை மருத்துவர் நுரையீரல் நோயென்று படித்துவிட வாய்ப்பு உண்டு. குளிர்ந்த, தூசியில்லாத காற்றும் நல்ல தண்ணீரும் இருந்தால் பாதிச் செலவு மிச்சம். 1960-களில் அது சரியான கணக்கு.

அந்தக் கணக்கின் மறுபக்கம் பின்னாளில் தெரிந்தது. பூச்சு இயந்திரம் முழு அளவில் ஓடினாலும் பத்தில் ஒரு பங்கு ஓடினாலும் காற்று வடிகட்டுவதையும் குளிரூட்டுவதையும் நீர் சுத்திகரிப்பதையும் நிறுத்த முடியாது. ஆர்டர் குறையக் குறைய ஒவ்வொரு சதுர மீட்டர் ஃபிலிமும் விலை கூடிக்கொண்டே போகும். வண்ண ஃபிலிமைப் பொறுத்தவரை வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய சுருளை இங்கே வெட்டிப் பொதிந்ததோடு சரி.

பாலியெஸ்டர் அடிப்படலத்தில் எக்ஸ்ரே ஃபிலிம் செய்ய அமெரிக்க டூபான்ட் தொழில்நுட்பத்தில் புதிய பிரிவு கட்டினார்கள். கடன் வாங்கிக் கட்டியது. திட்டமிட்ட காலமும் செலவும் தாண்டின. அது உற்பத்திக்கு வந்த நேரத்தில் 1991-க்குப் பிந்தைய தாராளமயம் இறக்குமதி வரியைக் குறைக்கத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு ஃபிலிம் சந்தைக்குள் வந்தது. கடன் நின்றது, வட்டி ஓடியது. பிற்காலத்தில் பத்திரிகைகளில் வந்த ‘ஆயிரம் கோடி நட்டம்’ என்ற தலைப்புகளில் பெரும்பகுதி அந்த வட்டிக்கு வட்டிதான். தொழிலாளர் சம்பளம் அதில் சிறு துளி. டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிமைக் கொன்றது என்று சொல்வது எளிது. ஆனால் டிஜிட்டல் வருவதற்கு முன்பே, 1996-ல், எச்.பி.எஃப். நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பின் விலை

தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியம் 2003-ல் நிறுவனத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. மேல்முறையீடும் வழக்குமாகப் பதினொரு ஆண்டு போனது. 2014-ல்தான் மத்திய அமைச்சரவைக் குழு விருப்ப ஓய்வுக்காக 181.54 கோடி ரூபாய் ஒதுக்கியது. சம்பள விகிதம் நெடுங்காலம் திருத்தப்படாமல் கிடந்ததால், 2007 சம்பள விகிதம் அமலில் இருந்ததாகப் பாவித்துக் கணக்கிட வேண்டும் என்பதும் அந்த முடிவில் இருந்தது. இது சலுகை போலத் தெரியும். உண்மையில் கணக்கின் உயிர்நாடி அதுவே. விருப்ப ஓய்வுத் தொகை அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் வைத்தே கணக்கிடப்படும். பழைய விகிதத்தில் கணக்கிட்டிருந்தால் கையில் வருவது கைச்செலவுக்கே காணாது.

காத்திருப்பு எப்படித் தொழிலாளியின் பணத்தைத் தின்கிறது என்பதைப் பொதுத்துறையில் பழகிய ‘குஜராத் முறை’யை வைத்துப் பார்க்கலாம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வுக்கு மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம். ஆனால் மொத்தத் தொகை, மீதமுள்ள பணிக்காலத்துக்கு அவர் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

மாதம் 18,000 ரூபாய் வாங்குபவர், 22 ஆண்டு பணி, இன்னும் 8 ஆண்டு பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 22 பெருக்கல் 35, கூட்டல் 8 பெருக்கல் 25: மொத்தம் 970 நாள். நாளுக்கு 600 ரூபாய் வீதம் 5,82,000. வரம்பு 96 மாதச் சம்பளம், அதாவது 17,28,000, இடிக்காது. அதே ஆள் ஆறு ஆண்டு காத்திருந்தால் 28 ஆண்டு பணி, 2 ஆண்டு பாக்கி. 1,030 நாள், 6,18,000 ரூபாய் வர வேண்டும். ஆனால் மீதமுள்ள 24 மாதச் சம்பளம் 4,32,000 தான். அவ்வளவோடு நிற்கும். காத்திருந்ததில் தொகை ஏறவில்லை, ஒன்றரை லட்சம் இறங்கியது. வயது 58 ஆன பிறகு கீழே இறங்கி வேறு வேலை தேடவும் முடியாது. 1996-ல் நாற்பது வயதில் இருந்தவருக்கு 2014-ல் வயது அதுதான்.

ஆக, மூடுவதா காப்பதா என்று பத்து ஆண்டு முடிவெடுக்காமல் இருப்பதே மோசமான முடிவு. காப்பாற்றப் போராடிய தொழிற்சங்கங்களைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. மூடினால் அடுத்து என்ன என்பதற்கு யாரிடமும் தாளில் ஒரு வரியும் இல்லாதபோது, காப்பதைத் தவிர அவர்கள் வேறெதைக் கேட்டிருக்க முடியும்?

நிலம் திரும்பிய கதை

எச்.பி.எஃப். நிலத்தில் பெரும்பகுதி வனத்துறையிடமிருந்து வந்தது. ஆலை நின்றதும் வனத்துறை அதைத் திரும்ப எடுத்தது. அந்த இடத்தில் ஐ.டி. பூங்கா, திரைப்பட நகரம் என்று பேச்சு எழும்போதெல்லாம் ஒரே சுவரில் போய் முட்டுகிறது. வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி இரண்டு கட்டங்களில் வேண்டும். மாற்று நிலத்தில் மரம் வளர்க்கவும், காட்டின் நிகர மதிப்புக்கு ஈடாகவும் பணம் கட்ட வேண்டும். இதற்கு மேல் 1990-ல் வந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி, கட்டட உயரத்துக்கும் பரப்புக்கும் மாஸ்டர் பிளான் வைக்கும் வரம்பு. இவை எல்லாம் நிலச்சரிவையும் நீரூற்றையும் நினைத்துப் போட்ட விதிகள். தளர்த்தச் சொல்வது சரியில்லை. விதி இருக்கிறது என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு திட்டம் போட வேண்டும் என்பதே இங்கே விஷயம்.

இந்து நகர்ப் பக்கம் உண்மையில் எழுந்து நிற்பது அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரியில் மாநிலத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. கோவைக்கு ஓடிய நோயாளிக்கு இது பெரிய வரம். ஆனால் வேலைவாய்ப்பாக எடை போட்டால் வேறு படம் தெரியும். மருத்துவரும் செவிலியரும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக மாநில அளவில் தேர்வாகிறார்கள். தேர்வில் ‘உள்ளூர்’ என்று ஒரு பத்தி இல்லை. உள்ளூர் ஆளுக்கு எளிதில் கிடைப்பது துப்புரவு, காவல், சமையல் போன்ற வெளிமுகமை வேலை. அதில் குடியிருப்பு இல்லை, பதவி உயர்வு இல்லை, ஒப்பந்ததாரர் மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஃபிலிம் ஆலையில் ஐ.டி.ஐ. படித்த உள்ளூர்ப் பையன் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றான். கட்டடம் பெரிதாகியும் அந்த ஏணி திரும்ப வரவில்லை.

கொடைக்கானல்: பணத்தோடு முடியாத மூடல்

பழனி மலையில் நடந்தது வேறு மாதிரி. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானி ஆலையை 1980-களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனம் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. 1987-ல் உலக அளவில் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியபோது ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் அம்பலப்படுத்தினார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கழிவு ஏழை நாட்டுக்கு வருவதே வழக்கமான உலகில் இது எதிர்த்திசை. 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது: மூடி பதினைந்து ஆண்டு கழித்து.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பாதரச ஆவியை மூச்சில் இழுத்தவரின் சிறுநீரில் பாதரசம் தெரியும். ஆனால் உடலில் அதன் அரை ஆயுள் சுமார் இரண்டு மாதம். வேலையை விட்டு ஓராண்டு கழிந்து சோதித்தால் அளவு இயல்பாகவே இருக்கும். சிறுநீரகத்துக்கோ நரம்புக்கோ நேர்ந்த சேதம் மட்டும் தங்கிவிடும். ஆகவே வேலையில் இருந்தபோது எடுத்த சோதனைத் தாள்களும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு என்ற பதிவும் கையில் இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிறுவுவது கடினம். இரசாயனத்தைக் கையாளும் எந்த ஆலை மூடினாலும், தொழிலாளி முதலில் கேட்டு வாங்க வேண்டியது மருத்துவப் பதிவின் நகல். நட்டஈட்டுத் தாள் அடுத்தது.

வளாகம் பாம்பார் சோலையை ஒட்டியது. மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவுகோல் ஒரு காட்டுச் சரிவுக்குப் பொருந்துமா என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். மண்ணை முழுக்கச் சுரண்டினால் சரிவில் மரம் நிற்காது. சுரண்டாவிட்டால் பாதரசம் ஓடையில் இறங்கும். இத்தகைய இடத்தில் ‘மாற்றுத் தொழிற்சாலை’ என்ற பேச்சே எடுபடாது.

தேயிலை: ஒவ்வொரு கிலோவிலும் ஒரு சின்ன மூடல்

எச்.பி.எஃப். ஒரே பெரிய ஆலையாக விழுந்தது. தேயிலை ஆலைகள் துளித்துளியாக விழுகின்றன.

டேன்டீ என்று மலை முழுக்க அறியப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமே ஒரு மறுவாழ்வுத் திட்டம். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் வனத்துறை நிலத்தில் தொடங்கி, 1976-ல் கழகமானது. வேலை இழந்தவர்களுக்கு அரசு வேலை உண்டாக்கிய முயற்சிகளில் இவ்வளவு நாள் நின்றது வேறெதுவும் இந்த மலையில் இல்லை. அதுவும் நலிந்தது. 2022-ல் 2,152 ஹெக்டேர் தோட்டத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. ஆளில்லாத தேயிலைக் காட்டை வைத்துக்கொண்டு குத்தகை கட்ட முடியாது என்பது கழகத்தின் கணக்கு. கவாத்து செய்யாமல் விட்ட தேயிலைச் செடி சில ஆண்டில் மரமாகிவிடும்; இடையில் உண்ணிச்செடி பரவும்; காட்டெருமையும் சிறுத்தையும் லைன் வீட்டு வாசல்வரை வரும். பக்கத்துப் பிரிவில் இலை கிள்ளப் போகும் பெண்களுக்கு அது அன்றாட ஆபத்து.

இங்கே இழப்பு கூலியோடு நிற்பதில்லை. லைன் வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்று பல தோட்டங்களில் நடைமுறை. இலங்கையில் ஒரு லைன், இங்கே ஒரு லைன் என்று இரண்டு தலைமுறை கழித்த குடும்பத்துக்குப் பட்டா என்ற சொல்லே புதிது.

தனியார் பக்கம் வருவோம். சிறு விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை வாங்கித் தூளாக்கும் கொள்முதல் ஆலைகளும், இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் 16 கூட்டுறவு ஆலைகளும் இந்த மாவட்டத்தின் பொருளாதாரத்தைச் சுமக்கின்றன. சோவியத் ஒன்றியம் சிதறியதில் நீலகிரித் தூளை வாங்கிய பெரிய சந்தை தடுமாறியது. 1990-களின் இறுதியில் பச்சைத்தேயிலை விலை சரிந்தபோது ஆலைகள் அடுத்தடுத்துக் கதவடைத்தன. விலை நன்றாக இருந்த காலத்தில் கத்தரியால் வெட்டி முற்றிய இலையைக் கலந்து விற்ற பழக்கமும் சேர்ந்து அடித்தது; முற்றிய இலைத் தூளுக்குக் கிராக்கி முதலில் விழும்.

கணக்கு இப்படிப் போகிறது. ஏறத்தாழ நாலு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். விலைப் பகிர்வில் விவசாயிக்கு 65, ஆலைக்கு 35. குன்னூர் ஏலத்தில் சராசரி 110 ரூபாய் என்று வைத்தால் விவசாயி பங்கு 71.50, கிலோ இலைக்கு 17.88. அதே இலை மழையில் நனைந்தோ, சாக்கில் அழுத்தி அடைத்து வெந்தோ வந்து 23 சதவீதமே தூள் கிடைத்தால் 16.45. ஏலத்தில் தரம் குறைந்து பத்து ரூபாய் இறங்கினால் 15-க்கும் கீழ். இந்தப் பதினைந்து, பதினேழு ரூபாய்க்குள்தான் பறிகூலி, உரம், வண்டிவாடகை எல்லாம் அடங்க வேண்டும்.

ஆலைக்காரர் பக்கம் பார்த்தால், இலை ஏப்ரல் முதல் ஜூன் வரை குவியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி கருக்கிவிடும். ஆனால் மின் வாரியத்துக்குக் கட்டும் குறைந்தபட்சத் தேவைக் கட்டணமும் வங்கி வட்டியும் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி. இருக்கிற இலைக்கு ஆலைகள் அதிகம். ஆகவே தரம் பாராமல் வாங்குகிறார்கள். தரம் பாராமல் வாங்குவதால் ஏல விலை ஏறுவதில்லை. இந்தச் சுழலை அறுக்காமல் ஆலைக்கு மானியம் கொடுத்தால் மானியம் தீரும்வரை ஓடும்.

அரசு என்ன செய்தது, எங்கே பிசகியது

மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் 1970-களின் நடுவிலிருந்து நீலகிரிக்கு வந்தது. அதன் பணத்தில் மண் பாதுகாப்பு, தடுப்பணை, சாலை, கட்டடம் எல்லாம் நடந்தன. இவை தேவையான வேலைகள். ஆனால் கான்கிரீட் காய்ந்ததும் வேலைநாள் முடிந்துவிடும். மத்திய அரசின் சிறப்பு நிதி நின்ற பிறகு மாநில அரசு தன் பணத்தில் தொடர்கிறது.

சுயதொழில் கடனில் முக்கியமானது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். உற்பத்திக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. மலைப்பகுதி சிறப்புப் பிரிவில் வருவதால் கிராமப்புறத்தில் 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். பத்து லட்சம் திட்டமென்றால் கையிலிருந்து 50,000, வங்கி 9.5 லட்சம் தரும், மானியம் 3.5 லட்சம் வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும், அந்தப் பகுதிக்கு வட்டி கிடையாது. மூன்று ஆண்டு தொழில் நடந்தது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே அது கடனில் கழியும். பலர் மானியம் கையில் வரும் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். தேயிலைப் பயிரிடுவதற்கு இந்தக் கடன் இல்லை, மதிப்புக்கூட்டலுக்கு உண்டு. சிறு தேயிலை ஆலை, வறுவல், பொட்டலமிடல் எல்லாம் வரும்.

மலையில் இது தடுக்கி விழும் இடம் முகவரிச் சான்று. தொழில் நடக்கும் இடத்துக்கு உரிமை ஆவணம் வேண்டும். கூடலூர், பந்தலூரில் ஜன்ம நிலச் சட்டத்தின் (பழைய ஜன்மி நிலவுடைமையை ஒழித்த சட்டம்) 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களின் உரிமை தீராமல் கிடப்பதால் ஆயிரக்கணக்கானோரிடம் பட்டா இல்லை. லைன் வீட்டில் இருப்பவரிடமும் இல்லை. யாருக்கு வேலை போனதோ அவரால்தான் விண்ணப்பிக்க முடியாமல் போகிறது. பட்டா உள்ள கடைக்காரர் இரண்டாவது கடை போட்டுக்கொள்கிறார்.

சிறு தேயிலை ஆலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்குச் சில நூறு கிலோ இலையில் கையால் உருட்டிய தேயிலை, பச்சைத்தேநீர் செய்து பல மடங்கு விலைக்கு விற்கலாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு ‘இரண்டு இலை ஒரு மொக்கு’ மட்டும் கையால் கிள்ள வேண்டும். கத்தரி இலை உதவாது. கிள்ள ஆள் கிடைப்பதில்லை. பச்சைத்தேநீருக்கு இலையைப் பறித்த சில மணி நேரத்துக்குள் ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றி நொதியைக் கொல்லாவிட்டால் நிறம் செம்பாகிவிடும்; ஈரத்தை மூன்று, நான்கு சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் பொதிந்தால் உதகை மழைக்காலத்தில் இரண்டே மாதத்தில் பூஞ்சை வாடை. இவற்றைக் கற்றுத்தருவது ஒரு வாரப் பயிற்சியில் முடியாது. ஒரு பருவம் முழுக்கக் கூட நிற்க வேண்டும்.

மிச்சம் இருப்பது சுற்றுலா. ஏப்ரல், மே, பிறகு பூஜை விடுமுறை, டிசம்பர்: இவ்வளவே அறுவடை. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் கோடைக்காலத்துக்கு நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தது. மலை தாங்காது என்பதால் வைத்த வரம்பு. இதைத் தொழிலாக நம்பி ஆலைத் தொழிலாளியை அனுப்பும்போது, வளரக் கூடாது என்று நீதிமன்றமே எல்லை கட்டிய துறைக்குள் அனுப்புகிறோம்.

மூடும் அறிவிப்பு வந்த நாளில்

சட்டம் மாறியிருக்கிறது. பழைய தொழில் தகராறு சட்டப்படி 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அந்த எல்லை 300. மலையில் உள்ள தனியார் ஆலைகளில் ஏறத்தாழ எல்லாமே இதற்குக் கீழே. அறுபது நாள் அறிவிப்பு, முடித்த ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், அவ்வளவே. முன்பு சொன்ன 18,000 ரூபாய், 22 ஆண்டுக்காரருக்கு இது 1,98,000. பணிக்கொடை தனி: 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 22-ஆலும் பெருக்கினால் 2,28,462. முப்பது நாளில் தராவிட்டால் உரிய அதிகாரியிடம் மனுப் போடலாம், வட்டியும் உண்டு.

அதே தொகுப்பில் மறுதிறன் (வேறு தொழில் பழகுவதற்கான) நிதி என்று ஒன்று இருக்கிறது: வேலை நீக்கப்பட்டவருக்கு 15 நாள் சம்பளம், 45 நாளில் அவர் கணக்குக்கு. ஆனால் அந்தப் பிரிவு ஆட்குறைப்புக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆலை முழுக்க மூடினால் இல்லை. மறுதிறன் யாருக்கு அதிகம் தேவையோ அவரை விட்டுவிட்ட விதி.

வருங்கால வைப்பு நிதியில் சிக்கல் இரண்டு. ஒன்று, பணி விலகிய தேதி. முதலாளி அதைப் பதிவு செய்யாமல் கதவடைத்துவிட்டால் பணம் எடுக்க முடியாது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் அதைப் பதியலாம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு, பெயர். ஆலைப் பதிவில் இனிஷியல் முன்னால், ஆதாரில் தந்தை பெயர் பின்னால் விரிந்து இருக்கும். பழைய கணக்கென்றால் திருத்தக் கூட்டு உறுதிமொழியில் முதலாளி ஒப்புதல் வேண்டும்; அலுவலகம் பூட்டிய பிறகு அலைச்சல்தான். அறிவிப்பு வந்த வாரமே இந்த இரண்டையும் முடிப்பது நல்லது. பத்து ஆண்டுக்குக் குறைந்த பணி உள்ள இளைஞர் ஓய்வூதியப் பகுதியை எடுத்துத் தீர்த்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், திருப்பூரில் அடுத்து சேரும் வேலையோடு ஆண்டுகள் கூடும்.

நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போனால் கடைசி 24 மாதச் சம்பள பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கும். வைப்பு நிதி, பணிக்கொடை நிதி ஆகியவை விற்கும் சொத்தில் சேராது. ஆனால் உரிமைக் கோரலைக் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். யாரும் தேடி வந்து கேட்க மாட்டார்கள்.

திரும்ப ஓடிய ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிறது. 2008 ஜனவரியில் நல்ல உற்பத்தி நெறிமுறைக்குக் கட்டடம் பொருந்தவில்லை என்று மத்திய அரசு தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை நிறுத்தியது. கசௌலியிலும் கிண்டியிலும் இருந்த நிலையங்களுக்கும் அதே கதி. 2010-ல் தடை விலகியது; பின்னர் புதிய விதிகளுக்கு ஏற்ற உற்பத்தி வளாகத்தை அதே குன்னூரில் கட்டினார்கள். எச்.பி.எஃப்-க்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று. பொருளை அரசே வாங்குகிறது. தடை நீடித்த காலத்திலும் நிலையம் கலைக்கப்படவில்லை, தொழில் தெரிந்த ஆட்கள் மிஞ்சினார்கள். நிலம் நிலையத்தின் கையிலேயே இருந்தது.

அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஆலை நூற்றிருபது ஆண்டாக ஓடுகிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைந்தபோது அது முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. பழைய ஊழியர்கள் அரசு ஊழியர்களாகவே அயற்பணியில் தொடர்கிறார்கள். அந்த நிறுவனத்தின் ஆலைகளில் வெடிமருந்துப் பிரிவுக்குப் புதிதாக எடுக்கும் ஆட்கள் குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தத்தில் சேர்க்கப்படுகிறார்கள். வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் இடையே இன்று ஷிப்டு முடிந்து நடக்கும் கூட்டத்தில் இரண்டு வகை அட்டைகள் சட்டைப்பையில் தொங்குகின்றன.